படைப்பணியும் நீரிழிவும்: லுசேர்ணிலிருந்து ஒரு பார்வை

லுசேர்ண் என்றதும் ஏரியும் பழைய மரப்பாலமும் பாறையில் குடைந்த இறக்கும் சிங்கமும் நினைவுக்கு வரும். 1792இல் பாரிஸில் பிரெஞ்சு மன்னனின் காவலில் மாண்ட சுவிஸ் வீரர்களுக்காக 1821இல் அந்தச் சிங்கம் திறந்து வைக்கப்பட்டது. மாண்ட வீரனுக்குச் சிலை வைப்பதில் சிக்கல் அதிகமில்லை. உயிரோடு திரும்பி, பிறகு நோயில் விழுந்தவனுக்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்ப்பதுதான் கடினம். இந்தக் கேள்வியைக் கையாளும் சுவிஸ் அமைப்புகளும் இதே நகரத்தில்தான் இருக்கின்றன.

நோய்களில் நீரிழிவை (ஈழத்தில் நம் பெரியவர்கள் சலரோகம் என்பார்கள்) எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தெளிவாகப் புரியும். குண்டடி பட்டால் நாளும் இடமும் தெரியும். இரண்டாம் வகை நீரிழிவோ பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்து ஒரு நாள் இரத்தப் பரிசோதனையில் வெளிப்படுகிறது. அது படையில் வந்ததா, பரம்பரையில் வந்ததா, சாப்பாட்டில் வந்ததா?

லுசேர்ணும் இராணுவக் காப்பீடும்

சுவிஸில் இந்தியா, அமெரிக்கா போல 'முன்னாள் படைவீரர்' என்று தனியான ஒரு கூட்டம் கிடையாது. ஆண்களுக்குப் படைப்பணி கட்டாயம். அடிப்படைப் பயிற்சி, பிறகு சில ஆண்டுகளுக்கு மூன்று வாரப் பயிற்சிகள், மற்ற நாட்களில் சொந்தத் தொழில். எனவே வங்கி ஊழியரும் தச்சரும் முன்னாள் வீரர்களாகவே இருக்கிறார்கள்.

பணியின்போது நோயுற்றவர்களுக்கான இராணுவக் காப்பீடு அந்நாட்டின் மிகப் பழைய சமூகக் காப்பீடுகளுள் ஒன்று. 1900இல் பொது மருத்துவ, விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அதிலிருந்த இராணுவப் பகுதி மட்டும் 1901இல் தனிச் சட்டமாயிற்று. இப்போதுள்ளது 1992இன் சட்டம். 1994இல் நடைமுறைக்கு வந்தது. 2005 ஜூலை முதல் இந்தக் காப்பீட்டைக் கூட்டாட்சி அரசின் சார்பில் நடத்துவது 'சுவா' என்னும் விபத்துக் காப்பீட்டு நிறுவனம். 1918இல் செயல்படத் தொடங்கிய அதன் தலைமையகம் லுசேர்ணில் உள்ளது. வழக்கு என்று வந்தால் இறுதியாக விசாரித்த கூட்டாட்சிக் காப்பீட்டு நீதிமன்றமும் 1917 முதல் லுசேர்ணில்தான் இயங்கியது. 2007இல் அது உச்ச நீதிமன்றத்துடன் இணைக்கப்பட்ட பின்னும் சமூகக் காப்பீட்டு வழக்குகளுக்கான பிரிவுகள் இங்கேயே இருக்கின்றன.

நிரூபிக்க வேண்டியவர் யார்?

மென்பொருள் எழுதுபவர்கள் 'டீஃபால்ட்' என்று ஒன்றைச் சொல்வோம். பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு அது. விடை தெரியாத கேள்விகளில் சட்டமும் இதையே செய்கிறது. யாராலும் நிரூபிக்க முடியாவிட்டால் யார் பக்கம் தீர்ப்பு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கிறது.

சுவிஸ் சட்டத்தில் நோய் பணிக்காலத்திலேயே வெளிப்பட்டு அறிவிக்கப்பட்டால் காப்பீடு பொறுப்பேற்க வேண்டும். தப்பிக்க வேண்டுமானால், அது பணிக்கு முன்பே இருந்தது அல்லது பணியால் வந்திருக்கவே முடியாது என்றும், பணியால் மோசமடையவோ விரைவுபடவோ இல்லை என்றும் காப்பீடுதான் உறுதியாக நிரூபிக்க வேண்டும். பணி முடிந்த பிறகு கண்டுபிடித்தால் நிலைமை தலைகீழ். பணிதான் காரணம் என்பதற்கான வாய்ப்பே மேலோங்கியிருக்கிறது என்று காட்டப்பட வேண்டும். ஒரே நோய், ஒரே உடம்பு. மருத்துவர் குறித்த தேதி ஒன்றே முடிவை மாற்றிவிடுகிறது.

மருத்துவர் பார்ப்பது என்ன?

பரிசோதனை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராம் (சுவிஸ் ஆய்வுக்கூடத் தாளில் 7.0 மில்லிமோல், 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும்) அல்லது அதற்கு மேல், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. அடுத்து அதன் விளைவுகள்: கண்ணின் விழித்திரை, சிறுநீரில் அல்புமின், பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் உணர்வுச் சோதனை, இரத்த அழுத்தம். இவையெல்லாம் நோய் எந்த அளவுக்கு இருக்கிறது என்று சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அந்த இடைவெளியைத்தான் சட்டம் நிரப்புகிறது.

அமெரிக்காவும் இந்தியாவும்

அமெரிக்கா 2001இல் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. வியட்நாமில் தெளித்த 'ஏஜெண்ட் ஆரஞ்சு' களைக்கொல்லியில் டையாக்சின் என்ற நச்சு இருந்தது. அதற்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் தொடர்பிருப்பதற்கு வரையறுக்கப்பட்ட சான்று உண்டு என்று 2000இல் அறிஞர் குழு ஒன்று கூறியது. அதன்பேரில் 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை வியட்நாமில் பணியாற்றியவருக்கு இந்நோய் வந்தால், பணியால் வந்ததாகவே கொள்வது என்று விதி வந்தது. அங்கே மருத்துவர் காரணத்தைத் தேடுவதில்லை, அளவை மட்டும் பார்க்கிறார். உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதுமென்றால் 10 சதவீதம். அதோடு மாத்திரையோ இன்சுலினோ தேவையென்றால் 20. இன்சுலினோடு கடும் உடலுழைப்பைத் தவிர்க்கவும் வேண்டுமென்றால் 40. மேலே 60, 100.

இந்தியாவில் பணி ஓய்வின்போது மருத்துவக் குழு 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல' என்று ஒரு வரி எழுதினால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் இல்லை. ஆனால் 1982ஆம் ஆண்டு விதிகள், சேரும்போது நோய் குறிக்கப்படாவிட்டால் வீரர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ளச் சொன்னன. தரம்வீர் சிங் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து, மருத்துவக் குழு காரணம் எழுதியாக வேண்டும் என்றது. 2014இல் ராம் அவதார் வழக்கின் தீர்ப்புக்குப் பின், 20 சதவீத ஊனம் ஓய்வூதியக் கணக்கில் 50 ஆக உயர்த்தப்படும் சலுகை எல்லா வகை ஓய்வுகளுக்கும் பரவலானது. ஆகவே அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை மாற்றக்கூடியது. 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. வாழ்க்கைமுறை நோய்கள் குறித்த அவற்றின் நிபந்தனைகள் முன்னாள் வீரர்களிடையே கடும் விவாதத்தைக் கிளப்பின. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம், பழைய விதிகளின் கீழ் வந்த ஒரு நீரிழிவு வழக்கில், அமைதிப் பகுதியில் நோய் தொடங்கியது என்பது மட்டுமே மறுப்பதற்குப் போதாது என்று கூறியது.

தகுதியில்லை, ஆனால் வரி உண்டு

நோயோடு படையிலிருந்து வெளிவருபவரின் கதை இது. நோயாலேயே படைக்குள் போக முடியாதவரின் கதையும் உண்டு. சுவிஸில் படைப்பணி செய்யாதவர் ஈட்டு வரி கட்ட வேண்டும். கடுமையான உடற்குறை உள்ளவருக்கு விலக்கு. நடைமுறையில் அதற்கு 40 சதவீதம் என்ற எல்லை இருந்தது.

முதல்வகை நீரிழிவுள்ள ஒரு லாரி ஓட்டுநர், ஸ்வென் க்ளோர், பணியாற்ற விரும்பினார். இராணுவ மருத்துவர் தகுதியில்லை என்றார். வரித்துறையோ 40 சதவீதக் குறை இல்லை, ஆகவே வரி கட்டு என்றது. ஒரு அலுவலகத்துக்கு அவர் நோயாளி, இன்னொன்றுக்கு நோயாளி அல்ல. உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்று ஸ்ட்ராஸ்பூர்க் சென்றார். 2009 ஏப்ரல் 30இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அவருக்கேற்ற இலகுவான பணியைக் கொடுத்திருக்கலாமே என்பது நீதிமன்றத்தின் கேள்வி. அதன் விளைவாக 2013 முதல், தகுதியற்றவர் எனப்பட்டு வரிக்குள்ளாகும் ஒருவர், தனக்கேற்ற சிறப்புப் பணிகளில் சேர விண்ணப்பிக்க வழி பிறந்தது.

நமக்கு இதில் என்ன?

1983க்குப் பிறகு சுவிஸ் வந்த ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் பலர் இன்று குடியுரிமை பெற்றவர்கள். பையனுக்கு 18 வயதானதும் படைத்துறைக் கடிதம் வீட்டுக்கு வருகிறது. தெற்காசியர்களுக்கு ஒப்பீட்டளவில் குறைந்த உடல் எடையிலேயே, இளம் வயதிலேயே இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது என்பதும் மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சட்டங்கள் தூரத்து விஷயமல்ல.

செய்யவேண்டியது சிறியது. தேர்வுக்கு வரும்போது குடும்பத்தில் உள்ள நோயை மறைக்காமல் சொல்வது. பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பத்திரப்படுத்துவது. பணிக்காலத்தில் தாகம், சோர்வு, எடை குறைதல் தெரிந்தால் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாமல் அங்குள்ள மருத்துவரிடமே பதிவு செய்வது. கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதப்பட்ட ஒரு வரிக்கும், மறுவாரம் குடும்ப மருத்துவர் எழுதும் ஒரு வரிக்கும் உள்ள வித்தியாசம், பின்னாளில் ஒரு கோப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிக்கலாம்.