ஈரப் புல்வெளியும் ஈரல் நோயும்

இங்கிலாந்தின் செம்மறி வளர்ப்பு, மந்தையை ஆண்டு முழுவதும் திறந்தவெளியில் மேயவிடும் மரபினைப் பெரிதும் சார்ந்ததாகும். கடுமை குறைந்த மாரியும், அக்காலத்திலும் முற்றாக அழியாத புல்லும் அம்மரபுக்கு இடமளித்தன. ஆயினும், புல்லை வளர்த்த ஈரமே சில ஆண்டுகளில் மந்தையை அழிக்கவும் செய்தது.

1879ஆம் ஆண்டின் கோடை முழுவதும் மழை பொழிந்தது. அதனையடுத்த மாரியிலே செம்மறிகள் மெலிந்து, தாடையின்கீழ் நீர்கோத்து மடியலாயின. இறந்தவற்றின் ஈரல்களில் இலை வடிவான தட்டைப்புழுக்கள் காணப்பட்டன. அழிந்த செம்மறிகளின் தொகை ஏறத்தாழ 30 இலட்சமென மதிப்பிடப்படுகின்றது. அமெரிக்கத் தானியத்தின் வரவினால் ஏற்கெனவே விலைவீழ்ச்சியுற்றிருந்த குத்தகை விவசாயிகளுக்கு இது பேரிடியாயிற்று.

இந்நோய் புதியதன்று. சரியாக 500 ஆண்டுகளுக்கு முன்னர், 1379இல், பிரான்சு நாட்டு இடையரான ஜோன் டி பிறீ தமது நூலில் இதனை விவரித்து, ஈரநிலத்தில் முளைக்கும் ஒருவகைப் பூண்டே காரணமென்றார். தாழ்ந்த ஈரநிலம் ஆபத்தானது, கடலோர உவர்ச் சதுப்பு பாதுகாப்பானது என்பதை இடையர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஏனென்பதை மட்டும் அவர்கள் அறிந்திலர்.

இங்கிலாந்தின் அரச விவசாயச் சங்கம் இவ்வாராய்ச்சியை ஒக்ஸ்போட்டிலிருந்த இளம் விலங்கியலாளர் ஏ. பி. தோமஸிடம் ஒப்படைத்தது. அவரும், ஜேர்மனியில் லைப்சிக் நகரப் பேராசிரியர் லொய்க்காட்டும், தனித்தனியே ஆய்ந்து, 1883அளவில் விடை கண்டனர். சாணத்துடன் வெளிவரும் முட்டை நீரிற் பொரிக்கின்றது. குடம்பி சேற்றுநிலச் சிறுநத்தையொன்றினுட் புகுந்து பெருகுகின்றது. பின்னர் வெளியேறிப் புல்லில் ஒட்டி உறையிட்டு, மேயும் செம்மறியின் ஈரலை அடைகின்றது. உவர்நிலத்தில் அந்நத்தை வாழாமையே அந்நிலம் பாதுகாப்பாயிருந்ததன் காரணமாகும்.

இதனால் மற்றொரு மயக்கமும் தெளிந்தது. மந்தையை மாரி கொன்றதாகத் தோன்றினும், நோய் கோடையிறுதியிலும் இலையுதிர்காலத்திலுமே உட்புகுந்திருந்தது. மாரியில் வெளிப்பட்டது அதன் விளைவே. எனவே, மரணம் நேர்ந்த காலத்தை நோயின் காலமாகக் கொண்டோர் தவறான பருவத்திலேயே பரிகாரம் தேடினர்.

இடையரின் அவதானம் மெய்யானது, விளக்கமே பிழையானது. அவ்விரண்டையும் பிரித்தறிய ஐந்து நூற்றாண்டுகளும் ஒரு பேரழிவும் வேண்டியிருந்தன. விளக்கம் தவறென்பதற்காக அவதானத்தையும் புறக்கணித்திருப்பின், ஆய்வாளர் ஈரநிலத்து நத்தையை நாடிச் சென்றிரார் என்பது சிந்திக்கற்பாலது.