காஞ்சிபுரமும் அணி, நாடகக் கலைச்சொற்களும்

காப்பியத்தையும் நாடகத்தையும் படிக்க மாணவர்கள் இன்று கையாளும் கலைச்சொற்களில் பல காஞ்சிபுரத்தோடு தொடர்புடையவை. உருவகம், தற்குறிப்பேற்றம், சிலேடை, பெருங்காப்பியம் ஆகியவற்றை இலக்கணப்படுத்திய தண்டியும், அங்கத நாடகம் எழுதிய மன்னன் முதலாம் மகேந்திரவர்மனும் பல்லவர் காலக் காஞ்சியைச் சேர்ந்தவர்கள்.

தமிழில் இத்துறை அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று பிரித்துக் காட்டியது. ஆனால் அணிகளில் உவமைக்கு மட்டுமே அது தனி இயல் தந்தது. அணிகள் பலவாக விரிந்தது பின்னர்தான்.

மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருக்களிலேயே நிகழ்கிறது. பிரகசனம் என்பது நகைச்சுவையை முதன்மையாகக் கொண்ட, பெரும்பாலும் ஓரங்கத்தில் முடியும் நாடகவகை. குடிபோதையில் இருக்கும் காபாலிகச் சைவத் துறவி சத்தியசோமன் தன் பிச்சைப் பாத்திரமான கபாலத்தை, அதாவது மண்டையோட்டை, தொலைத்துவிட்டு, அதைத் திருடியதாகப் பௌத்தத் துறவி நாகசேனன் மீது பழிபோடுகிறான். பாசுபதச் சைவன் ஒருவன் வழக்கைத் தீர்க்க வருகிறான். கபாலத்தைத் தூக்கிப்போனதோ ஒரு நாய். அதனிடமிருந்து பிடுங்கிய பித்தன் ஒருவனிடம் கடைசியில் அது கிடைக்கிறது. காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டு சிதைந்திருந்தாலும் இந்நாடகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாடகக் கலைச்சொற்களைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது. நாந்தி என்னும் தொடக்க வாழ்த்து முடிந்ததும், நாடகத்தை நடத்தும் சூத்திரதாரர் மேடையேறி, ஊடலில் இருக்கும் மூத்த மனைவியைச் சமாதானப்படுத்தி நடிக்க அழைக்கிறார். அந்த உரையாடலே நாடகத்துக்கு முன்னுரையாகிவிடுகிறது. சத்தியசோமன் கள்ளுக்கடையை வேள்விச்சாலையாகவே காண்கிறான்: மது சோமச்சாறாகிறது, குடிகாரர்கள் வேதியராகிறார்கள். உருவகம் அலங்காரமாக நின்றுவிடாமல் பாத்திரத்தின் மனத்தையும் அங்கதத்தின் கூர்மையையும் ஒருங்கே காட்டும் இடம் இது. அச்சில் இந்நாடகம் 1917இல் கணபதி சாஸ்திரியாரால் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. கேரளத்துக் கூடியாட்டக் கலைஞர்கள் அதைக் கோயில் வழிபாடாக ஆடும் மரபைக் காத்துவந்தார்கள்.

தண்டி ஏறத்தாழ நூறாண்டு பிந்தியவர். அவர் பெயரில் வழங்கும் ‘அவந்திசுந்தரி’ என்ற உரைநடைக் கதை, அவருடைய முன்னோர் பல்லவ அவைக்கு வந்ததையும், படையெடுப்பால் அவர் காஞ்சியை விட்டு நீங்கிப் பிறகு திரும்பியதையும் சொல்கிறது. அவருடைய ‘காவியாதரிசம்’ மூன்று பகுதிகளாலானது: நடைகளும் காப்பிய இலக்கணமும் முதலில்; 35 பொருளணிகள் இரண்டாவதில்; மடக்கு, சித்திரகவி, பிரகேளிகை, வழுக்கள் மூன்றாவதில். பிரகேளிகை என்றால் விடுகதைப் பாட்டு. அதற்கு அவர் தரும் ஓர் எடுத்துக்காட்டு, நடுவில் மெல்லெழுத்தும் சுற்றிலும் நான்கு எழுத்தும் கொண்ட நகரம் எது, அங்கே எட்டெழுத்துப் பெயருடைய அரசர் யார் என்று கேட்கிறது. வடமொழி ஒலிக்கணக்கில் விடை காஞ்சியும் பல்லவரும். இலக்கண நூலுக்குள் தன் ஊரை இப்படி ஒளித்துவைத்தவரின் அன்பு வாசிப்பவரைத் தொடாமல் போகாது.

அந்நூல் சென்ற தூரம் வியப்பூட்டுவது. கன்னடத்தின் ‘கவிராசமார்க்கம்’, சிங்களத்தின் ‘சியபஸ்லகர’ இரண்டும் 9ஆம் நூற்றாண்டில் அதைத் தழுவி எழுந்தன. 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிபெயர்ப்பு வந்தது. தமிழில் 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய ‘வீரசோழியம்’ தன் அணிப்பகுதிக்குத் தண்டியே வழி என்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘தண்டியலங்காரம்’ அதே 35 அணிகளுக்கும் தமிழில் இலக்கணம் வகுத்தது. தீபகம் தீவகமானது; உத்பிரேட்சை தற்குறிப்பேற்ற அணியானது; அர்த்தாந்தரந்யாசம் வேற்றுப்பொருள் வைப்பணியானது. வாழ்த்து, வணக்கம், வருபொருள் என்று காப்பியத்துக்கு அது சொன்ன தொடக்கம் இன்றும் வகுப்பறையில் மனப்பாடம். கம்பன் காப்பியத்தின் நாடகப்பாங்கான உரையாடல்களையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே அடக்கிப் படிப்பதுதான் குறை.

கலைச்சொல்லும் விதியும் காஞ்சியில் கோயில் வரை வந்தன. கச்சியப்ப சிவாச்சாரியார் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற்பாட்டின் தொடக்கத்திலிருந்த ஒரு புணர்ச்சிக்கு விதி இல்லை என்று புலவர் ஒருவர் தடுத்தாராம். முருகனே புலவராக வந்து வீரசோழியத்திலிருந்து விதி காட்டினான் என்பது ஊர் வழங்கும் கதை. அரங்கேற்ற மண்டபம் அக்கோயிலில் இருக்கிறது.

அணிக்கு இவ்வளவு விதி தந்த தண்டி நாடகத்தைப் பற்றி விரித்து எழுதவில்லை. உரைநடையும் செய்யுளும் கலந்தவை நாடகம் முதலியன, அவற்றின் விரிவை வேறு நூல்களில் காண்க என்று ஒதுங்கிவிட்டார். அணியிலக்கணம் பெற்ற தொடர்ச்சி தமிழ் நாடக நூல்களுக்கு வாய்க்கவில்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் பெயர் சொல்லும் முறுவல், சயந்தம், செயிற்றியம் போன்றவை அவர் காலத்திலேயே பெரும்பாலும் மறைந்துபோயிருந்தன. பரிதிமாற் கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ எழுதி அந்த இடைவெளியை அடைக்க முயன்றார்.

ஏட்டில் அறுந்தது கூத்தில் அறுபடவில்லை. காஞ்சியைச் சுற்றிய சிற்றூர்களில், குறிப்பாகத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில், விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்துக்குத் தனிச் சொற்களஞ்சியமே உண்டு. புஜக்கட்டை, கிரீடம் முதலிய மர அணிகளைப் பூணுவது கட்டை வேஷம். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடி அறிமுகமாவது திரை விருத்தம். பாத்திரங்கள் சொல்லாடி மோதுவது தர்க்கம். கட்டியக்காரன் வருபவரை விசாரித்து அறிமுகப்படுத்துகிறான், கதையை இணைக்கிறான், கேலி செய்கிறான். வடமொழி நாடகத்தில் சூத்திரதாரரும் கோமாளியான விதூஷகனும் செய்வதை ஒருவனே செய்கிறான். பெருங்கட்டூர் ராஜகோபால் முதலிய கலைஞர்கள் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினர். காஞ்சிக்கு அருகிலுள்ள புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் அதன் குருகுலம் பள்ளிக் கல்வியோடு கூத்தையும் சொல்லிக்கொடுத்தது; பெண் பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டி ஆடக் கற்றார்கள்.