உப்பளக் கரையில் ஒரு போர்ப் பாடம்

இங்கிலாந்துப் பள்ளிகளில் இரண்டாம் உலகப் போரைப் பயிலும் சிறுவர்கள் படைத்தலைவர்களின் பெயர்களோடு நின்றுவிடுவதில்லை. விளக்கணைத்த தெருக்களும், பங்கீட்டுப் புத்தகத்துடன் கடைவாயிலில் நின்ற தாய்மார்களும், 1939 செப்டம்பரில் இலண்டனிலிருந்து கிராமங்களுக்கு இரயிலேற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளும் அவர்களுடைய பாடத்தில் உண்டு. நம் மாணவர்கள் ஹிட்லரையும் ஹிரோஷிமாவையும் அறிவார்கள். அதே ஆண்டுகளில் தம் பாட்டனார் வீட்டில் என்ன உண்டார்கள், எவருடைய கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள் என்பதை அறியார்கள். போர் எங்கோ நடந்தது, நாம் அதற்கு வெளியே இருந்தோம் என்னும் எண்ணம் இதனால் ஊன்றிவிட்டது. அது பிழை என்பதை விளக்கப் பெரிய நூலகம் எதுவும் வேண்டியதில்லை. மரக்காணத்து உப்பளக் கரையே போதும்.

அந்நாளையத் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இக்கரையில்தான், ஆந்திரக் கடலோரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவடைகிறது. 1806இல் சென்னைக்கு வடக்கே சிறிதாகத் தொடங்கிய கால்வாய் அது. 1877–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நகருக்குள் இணைப்பு வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்றது. மரக்காணத்து உப்பும் கடலோரச் சவுக்கு விறகும் இக்கால்வாய்த் தோணிகளில் சென்னைக்குச் சென்றன. போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து, பேருந்துகள் கரி வாயுவில் ஓடிய நிலையில், தோணிப் போக்குவரத்து எத்தகைய துணையாக இருந்திருக்கும் என்பதை மாணவர் எளிதில் ஊகிப்பர்.

தெற்கே ஒருநாள் நடைத் தொலைவில் பிரெஞ்சு எல்லை. 1940 செப்டம்பரில் புதுச்சேரி ஆட்சி தெகோலின் பக்கம் சேர்ந்தது; சைகோன் ஆட்சியோ விஷி அரசின் பக்கம் நின்றது. சைகோனில் 1935இல் பள்ளிவாசல் எழுப்பிய தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களுள் பலருக்குப் பிரெஞ்சிந்தியப் பகுதிகளே தாயகம். ஒரே கொடியின்கீழ் இருந்த அவர்களுடைய வீடும் கடையும் ஒரே மாதத்தில் எதிரெதிர் அணிகளில் அகப்பட்டன. உலக அரசியல் ஒரு குடும்பத்தை இரண்டாக வகுத்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அக்கப்பலின் பெயர் இன்றும் நம் பேச்சில் சாமர்த்தியசாலிக்கு அடைமொழியாக வழங்குகிறது. ஆனால் மக்களைப் பெருமளவில் பெயர்த்த அச்சம் 1942இல் வந்ததே. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 திருகோணமலை என நான்கைந்து நாள்களில் இலங்கைக் கரையிலும் இந்தியக் கரையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்களில் பெரும்பகுதியினர் உள்ளூர்களை நோக்கிப் புறப்பட்டனர். அரசு அலுவலகங்கள் இடம் மாறின. கூண்டு உடைந்தால் தப்பிவிடும் என்று உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மரக்காணத்தில் அது பாத்திகளில் உப்பு விளையும் பருவம். எதிர்பார்த்த படையெடுப்பு நிகழவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் சென்னைமீது சில குண்டுகளை இட்டுச் சென்றதோடு சரி.

வந்தது வேறொன்று. 1942 மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. ஆண்டுதோறும் இந்தியாவுக்கு வந்த பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பர்மா அரிசி நின்றுபோயிற்று. நெல் விளையும் நாடு என்று நாம் பெருமை கொண்டிருந்தாலும், சென்னை மாகாணத்தின் அடுப்புகள் அந்த அரிசியை எவ்வளவு நம்பியிருந்தன என்பது அப்போதுதான் புலனாயிற்று. 1943இல் சென்னை நகரில் உணவுப் பங்கீடு தொடங்கியது. கோதுமையைச் சமைக்க அறியாத வீடுகளுக்குக் கோதுமை வந்தது. அரிசிக் கட்டுப்பாட்டை இராஜாஜி 1952இல் நீக்கும்வரை போர்க்கால வாழ்வு முற்றுப் பெறவில்லை எனலாம். உப்புக்கு மட்டும் இக்கரையில் குறைவில்லை. ஆயினும் அதன்மீதான வரி போர் முழுவதும் நீடித்தது. இடைக்கால அரசின் நிதியமைச்சர் லியாகத் அலீ கான் அளித்த வரவு செலவுத் திட்டத்தின்படி 1947 ஏப்ரலில்தான் அது ஒழிந்தது.

இவற்றைக் காட்டிலும் நம் சமுதாயத்து மாணவர்க்கு முதலில் சொல்ல வேண்டியது கடிதங்களைப் பற்றி. கோட்டக்குப்பம் முதல் பரங்கிப்பேட்டை, நாகூர் வரையிலான கடலோர ஊர்களில் எத்தனையோ வீடுகள் மலாயா, பர்மா, சைகோன் பணத்தில் வாழ்ந்தவை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்ததும் பணமும் கடிதமும் ஒருங்கே நின்றன. அக்கரையில் தோட்டத் தொழிலாளரான தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்தனர். பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் கால்நடையாகப் புறப்பட, வழியில் இறந்தோர் பல்லாயிரவர். கணவன் கடையில் இருக்கிறானா, காட்டில் கிடக்கிறானா என்பதை இக்கரையில் இருந்த மனைவி அறிய வழியில்லை. அவள் சுமங்கலியா கைம்பெண்ணா என்பதை ஊரும் அறியவில்லை.

ஃபிக்ஹு நூல்கள் இத்தகைய கணவனை 'மஃப்கூத்' என்று அழைக்கின்றன. கடலோர மரைக்காயர்களிடையே வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்து, மரணம் உறுதிப்படும்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது. ஹனஃபீ மத்ஹபில் கணவனின் வயதொத்தோர் இறக்கும்வரை எனப்பட்டது. தொண்ணூறு ஆண்டு என்று கணக்கிட்டவர்களும் உண்டு. மாலிகீ மத்ஹபோ நான்கு ஆண்டு என்றது. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் 1930களில் மாலிகீ தீர்ப்பை மேற்கொள்ள வழிகாட்டியதன் பயனாக, முஸ்லிம் திருமண விலக்குச் சட்டம் 1939 மார்ச் 17இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டு கணவன் இருக்குமிடம் தெரியாவிடில் மனைவி விலக்குக் கோரலாம். தீர்ப்புக்குப் பின் ஆறு மாதம் பொறுத்தல் வேண்டும். சட்டம் பிறந்து ஆறு மாதம் நிறையும் முன் போர் தொடங்கிவிட்டது.

வகுப்பில் மாணவரிடம் இக்கணக்கை ஒப்படைக்கலாம். 1942 பிப்ரவரியில் கடிதம் நின்ற ஒருத்திக்கு நான்கு ஆண்டு முடிவது 1946 பிப்ரவரியில். சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்து கையொப்பமிட்டது 1945 செப்டம்பர் 12. அதாவது அஞ்சல் மீண்டும் வரத் தலைப்பட்ட காலத்தில் சட்டத்தின் தவணை இன்னும் முடியவில்லை. அதே சட்டம் இரண்டு ஆண்டு ஜீவனாம்சம் அளிக்கத் தவறினாலும் விலக்குக்கு இடம் தருகிறது. அக்கணக்கில் 1944லேயே அவள் நீதிமன்றம் சென்றிருக்கலாம். அனுப்ப மனமின்றி நிறுத்தியவனும், போர் தடுத்தமையால் அனுப்ப இயலாதவனும் ஒரே பிரிவில் அடங்குவரா? இக்கேள்வியை எழுப்பினால் பதின்பருவத்துப் பிள்ளைகளும் வாதிடுவர். போர் என்பது யாது என்பதை எந்தப் படைவரைபடத்தைக் காட்டிலும் நன்கு உணர்வர் என்பது என் கருத்து.

சான்றுகளும் தொலைவில் இல்லை. பழைய மணியார்டர் துண்டுகளும் பங்கீட்டு அட்டைகளும் பல வீட்டுப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். ஜமாஅத்துகளின் நிகாஹ் பதிவேடுகளில் 1942 முதல் 1948 வரையிலான ஏடுகளைப் புரட்டி, மறுமணங்கள் எந்த ஆண்டில் மிகுகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள்; பெயர்களைப் படியெடுக்க வேண்டாம். அப்பெண்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள், சிலர் அதே வகுப்பில்.