பின்பனியில் முந்திப் பூத்த பூ

அச்சிட்ட நாட்காட்டி வீட்டுச் சுவரில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே மாந்தருக்கு நாள் உரைத்தவை மரங்கள். தினைப்புனம் காத்த குறவர் வேங்கை பூத்ததைக் கண்டு கதிர் முற்றியதை அறிந்தனர். மணவினைக்கு உரிய காலம் வந்ததென்றும் உணர்ந்தனர். அதனாலன்றோ வேங்கையைக் ‘கணி’ என்றே பழம்புலவர் அழைத்தனர்? கணி என்பான் நாள் கணித்துச் சொல்பவன்.

மரம் நாள் சொல்லும் என்பது உண்மையானால், சில வேளைகளில் அது நாள் தவறியும் சொல்லும். பருவம் வருமுன் பூத்து நிற்கும் மரத்தைக் கண்டால் நாம் வியக்கிறோம். ஆனால், ‘முந்திப் பூத்தது’ என்று சொல்வதற்கு நம்மிடம் உள்ள சான்று யாது? எதற்கு முந்தியது? சென்ற ஆண்டிற்கா, பாட்டன் காலத்திற்கா, ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வழக்கிற்கா? இவ்வினாவிற்குத் தமிழகம் ஒரு விடையும் ஜப்பான் வேறொரு விடையும் வைத்துள்ளன. அவ்விரண்டையும் நோக்கிய பின்னர், நாம் வாழும் மலாக்கா மண்ணில் நமக்குரிய விடை யாது என்று காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொன்றையின் பேதைமை

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கினார். பாலையின் ஒழுக்கம் பிரிவு. பனி விலகி வெயில் ஏறும் அந்நாள்களில் இலையுதிர்ந்த கிளைகளில் பூ மட்டுமே நிற்கும் மரங்களைப் பாலை பாடிய புலவர் கூர்ந்து கண்டனர். இலையின்றி மலர்ந்த இலவத்தை மகளிர் ஏற்றிய விளக்கு வரிசைக்கு ஒப்பிடும் ஔவையாரின் பாட்டு அகநானூற்றில் உண்டு.

முந்திப் பூத்தலைப் பற்றிய மிக நுட்பமான பாட்டோ முல்லையில் உள்ளது. குறுந்தொகையின் 66ஆம் பாட்டு அது. பாடியவர் கோவத்தத்தனார். கார்காலத்தில் மீள்வேன் என்று தலைவன் சொல்லிச் சென்றான். கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி கலங்குகிறாள். தோழி தேற்றுகிறாள். எவ்வாறு? கார் இன்னும் வரவில்லை. காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பி இக்கொன்றைகள் அறியாமையால் கொத்துக்கொத்தாகப் பூத்துவிட்டன என்று மரத்தின் மேல் பழியை ஏற்றுகிறாள். 21ஆம் பாட்டில் ஓதலாந்தையாரின் தலைவி இன்னும் ஒரு படி மேலே செல்கிறாள். கானமே கார் என்று கூறினும் தான் நம்பமாட்டாள். அவன் பொய் கூறான் என்பது அவள் துணிவு.

இப்பாடல்களில் காதலின் சிறப்பை நாம் பலகாலும் வகுப்பில் எடுத்துரைத்திருக்கிறோம். அவற்றுள் பொதிந்துள்ள இயற்கை அறிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மழையே பூவைத் தூண்டும், பருவம் தவறிய மழை பருவம் தவறிய பூவைத் தரும் என்னும் உண்மையை அறியாத ஒருவர் அத்தகைய ஆறுதலைக் கற்பித்திருக்க இயலாது. கேட்பவளும் அதனை அறிந்திருந்தால் அன்றி அவ்வாறுதல் செல்லாது. எனவே, இவ்வறிவு புலவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஊருக்கே பொதுவானது என்பது தெளிவு.

ஆயினும் ஒரு குறை உண்டு. பாட்டு பருவத்தைச் சொல்லிற்று. ஆண்டையும் நாளையும் சொல்லவில்லை. சங்கப் பாடல்கள் கொன்றையைக் கார்காலத்துப் பூவாகவே போற்றுகின்றன. இன்றோ சரக்கொன்றை தமிழகத்தில் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் பொன்னாகப் பூத்து நிற்கக் காண்கிறோம். மரத்தின் வழக்கம் மாறிற்றா? மழையின் வழக்கம் மாறிற்றா? அன்றி, புலவர் மரபு ஒரு காட்சியையே நிலைபெறச் செய்ததா? நாள் குறித்த ஏடு ஒன்று இருந்திருக்குமாயின் இவ்வையத்தை ஒரு மாணவன் அரைநாளில் தீர்த்துவிடுவான். பாட்டு அதற்கு உதவாது. அது பாட்டின் குற்றமுமன்று.

கியோத்தோவின் நாட்குறிப்புகள்

நாள் குறித்த ஏடு என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் பழந்தலைநகரான கியோத்தோ சான்று பகர்கிறது. 812ஆம் ஆண்டில் சகா என்னும் பேரரசர் செர்ரிப் பூக்களின் கீழ் விருந்து நடத்திய செய்தி அரச வரலாற்று ஏட்டில் உள்ளது. அதுமுதல் அரசவையினரும் பிரபுக்களும் துறவிகளும் தத்தம் நாட்குறிப்புகளில் பூ முழுதும் மலர்ந்த நாளையும், பூக்காண விருந்து கூடிய நாளையும் எழுதி வந்தனர். அவர்கள் எவரும் ஆராய்ச்சி செய்யவில்லை. தாம் கண்ட களிப்பையே எழுதினர். ஆயினும் நாளோடு எழுதினர்.

ஒசாக்கா மாநிலப் பல்கலைக்கழகத்து அறிஞர் யசுயுக்கி அவோனோ அப்பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஆயிரத்து இருநூறு ஆண்டு காலத்துப் பூநாள்களை வரிசைப்படுத்தினார். அவ்வரிசை காட்டும் செய்தி சிந்திக்கத்தக்கது. 1800களில் கியோத்தோவின் செர்ரி ஏப்ரல் மாத நடுவிலேயே பெரும்பாலும் முழுமையாக மலர்ந்தது. 2021ஆம் ஆண்டிலோ மார்ச் 26ஆம் நாளிலேயே மலர்ந்துவிட்டது. அதற்கு முன் அத்துணை விரைவில் மலர்ந்ததாகக் குறிப்புள்ள ஆண்டு 1409. நாள் மார்ச் 27. உலகம் வெப்பமுற்று வருவதும், நகரம் பெருகி அதன் சூடு கூடியதும் இதற்குக் காரணங்கள் என்பர்.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பூவோடு இன்றைய பூவை ஒரு நாள் வேறுபாட்டில் ஒப்பிட முடிகின்றதே, அஃது எதனால்? எழுதி வைத்ததனால் அன்றோ! இங்கிலாந்திலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. நார்பக் வட்டாரத்தைச் சேர்ந்த இராபர்ட் மார்ஷம் என்பார் 1736ஆம் ஆண்டில் தம் தோட்டத்து முதற்பூ, முதற்றளிர் ஆகியவற்றைக் குறிக்கத் தொடங்கினார். அவர் வழிவந்தோர் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர்.

கவாசு ஆற்றங்கரைச் செடி

கியோத்தோவில் செர்ரி முந்தியது காலத்தின் மாற்றத்தால். இயல்பிலேயே முந்திப் பூக்கும் செர்ரியும் ஒன்றுண்டு. தோக்கியோவிற்குத் தென்மேற்கே ஈசு தீபகற்பத்தில் கவாசு என்னும் சிற்றூர் உள்ளது. 1955ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஆற்றங்கரையின் காய்ந்த புல்லிடையே ஒரு செர்ரிக் கன்றை அவ்வூரினரான ஈடா கட்சுமி கண்டெடுத்துத் தம் வீட்டு முற்றத்தில் நட்டார். பத்தாண்டுக்கு மேல் கழிந்து, 1966இல் அது முதன்முதலாகப் பூத்தது. ஏனைய செர்ரிகள் பூக்கும் மார்ச்சு இறுதிக்கு வெகு முன்னரே, குளிர் நீங்காத நாளிலேயே அது பூத்தது. பிற செர்ரிகளின் பூ ஒரு கிழமையில் உதிர்ந்துவிட, இதன் பூ ஏறத்தாழ ஒரு திங்கள் நின்றது.

அறிஞர் ஆராய்ந்து, ஓசிமாச் செர்ரியும் தென்பகுதிச் செந்நிறச் செர்ரியும் இயற்கையாகக் கலந்து பிறந்த இனம் இது எனக் கண்டனர். 1974ஆம் ஆண்டில் ஊர்ப்பெயரே அதற்கும் பெயராயிற்று. ஒரு கன்றிலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய மரங்கள் இன்று அவ்வூரில் ஏறத்தாழ 8,000 உள்ளன. பின்பனியில் பயணம் செய்வோர் அவற்றைக் காணவே அங்குத் திரள்கின்றனர். கண்டெடுத்தவர் காலத்தையும், முதற்பூ மலர்ந்த ஆண்டையும் ஊரார் மறவாது குறித்து வைத்ததாலேயே அச்செடிக்கு ஒரு வரலாறு கிடைத்தது.

மலாக்காவில் மாசி

இனி நம் நிலத்திற்கு வருவோம். மலாக்காவே மரத்தின் பெயர் கொண்ட நகரம். ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேசுவரன் இளைப்பாறி நின்ற மரத்தின் பெயரே நகரின் பெயராயிற்று என்பது மலாய் மரபு. அம்மரம் வேறன்று, அதியமான் ஔவைக்கு அளித்த கனியால் நாம் நன்கறிந்த நெல்லியின் இனமே.

இந்நிலத்தில் செர்ரி பூக்காது. குளிர்காலத்தின் கடுங்குளிர் பட்டாலன்றி அதன் மொட்டு உறக்கம் நீங்குவதில்லை. ஆனால், இங்குப் பருவமே இல்லை என்று கருதுவது பிழை. வடகிழக்குப் பருவக்காற்று ஓயும் தை, மாசித் திங்கள்களில் மலாக்காக் கடற்கரைப் பகுதியில் மழை குறைகின்றது. அவ்வறட்சியே இங்குள்ள மரங்களுக்குப் பின்பனி. வறட்சிக்குப்பின் ஒரு மழை பெய்ததும் மொட்டுகள் விழிக்கின்றன. கோவத்தத்தனார் பாடிய அதே இயற்கை நெறி இங்கும் நடக்கின்றது.

செங் வழியாக அலோர் காஜா நோக்கிச் செல்வோர் சாலையோரத்து அங்சானா மரத்தை அறிவர். அது வேங்கையின் உறவினம், பூவும் பொன்னிறமே. வறட்சியை அடுத்து ஒரே நாளில் ஊரெங்கும் மலர்ந்து, மறுநாள் காலையில் தரையெல்லாம் மஞ்சள் விரிக்கும். கணிவேங்கையின் உடன்பிறப்பு இங்கும் கணியாகவே நிற்கின்றது. மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்த தெக்கோமா மரமோ இலை உதிர்த்து இளஞ்சிவப்பும் வெண்மையுமாய்ப் பூத்து நிற்கும். மலேசியச் செர்ரி என்று மக்கள் அதனைச் செல்லமாக அழைப்பர். உறவு முறையில் அது செர்ரி அன்று. பின்பனியில் கண்ணை நிறுத்தும் வகையில் மட்டும் செர்ரியே.

பால்மரம் உரைத்த பருவம்

ஆயினும் மலாக்காத் தமிழருக்கு நூறாண்டுக் காலம் நாள் சொன்ன மரம் இவற்றுள் எதுவுமன்று. அது பால்மரமாகிய ரப்பர். 1876ஆம் ஆண்டில் என்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாறு அங்கிருந்தே எண்ணப்படுகின்றது. பின்னர் அவர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். கங்காணிகள் வழியே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக நம் முன்னோர் வந்து, 1938இல் இந்திய அரசு அவ்வருகையைத் தடை செய்யும்வரை, இத்தோட்டங்களின் லயங்களை நிறைத்தனர். பின்பனிக்குரிய பிரிவு என்னும் ஒழுக்கம் கடல் கடந்த வரலாறு அது.

தை, மாசியில் பால்மரத்தின் இலை செம்பு நிறமுற்று உதிரும். நிழலிருண்ட காட்டில் திடுமென வெயில் பாயும். காலடியில் சருகு சரசரக்கும். சில கிழமைகளில் செந்தளிர் விட்டு, இலையிடையே சிறிய மஞ்சட்பூ மணம் வீசும். ஐந்தாறு திங்கள் கடந்து காய் வெடித்து விதை சிதறும். இவை யாவும் பிரட்டுக்கு எழுந்து சென்ற ஒவ்வொருவரும் அறிந்த நாட்காட்டி.

அது வெறும் அழகுக் காட்சியன்று, வயிற்றோடு தொடர்புடையது. இலையுதிர்ந்து மரம் தளிர்க்கும் நாள்களில் பால் குறையும். மங்கில் சொட்டும் பால் குறைந்தால் வெட்டுக்காரர் கையில் வரும் கூலியும் குறையும். ஆகவே, எந்த நிரையில் மரம் முந்தி உதிர்த்தது, எது முந்தித் துளிர்த்தது என்பதை அவர்கள் கண் தவறவிடவில்லை. முந்தித் துளிர்த்த மரத்திற்கு ஒரு நன்மையும் உண்டு. தளிர்க்கும் காலத்தில் தூறல் விழுந்தால் சாம்பல் நோய் என்னும் பூஞ்சை இளந்தளிரைத் தாக்கி மீண்டும் உதிர்க்கும். வறட்சி நீங்குமுன் தளிர்த்து முற்றிய மரம் அதற்குத் தப்பும். கொன்றையின் முந்துதல் பேதைமை என்றாள் தோழி. பால்மரத்தின் முந்துதலோ பிழைக்கும் வழி.

இவ்வறிவில் எவ்வளவு நம்மிடம் எழுத்தில் உள்ளது? தோட்டத்து அலுவலக ஏடுகளில் பாலின் எடை ஏறிற்று, மழையளவு ஏறிற்று. வெட்டுக்காரர் கண்ட முதற்றளிரும் முதற்பூவும் அவர்கள் நினைவிலேயே தங்கின. பின்னர், ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை ஏறிற்று. செம்பனை ஆண்டு முழுதும் குலை தள்ளும். இலையுதிர்த்துப் பருவம் சொல்லாது. நகருக்கு அண்மையிலுள்ள செங் போன்ற இடங்களிலோ குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. மரத்தோடு அதன் நாட்காட்டியும் நம் கண்ணினின்று மறைந்தது.

ஏட்டில் ஏற வேண்டியவை

இழந்ததை எண்ணி ஏங்குவதால் பயனில்லை, செய்யத்தக்கது எளிது. கேரளத்தில் ‘சீசன்வாட்ச்’ என்னும் இயக்கத்தின் வழியாகப் பள்ளி மாணவர் தத்தம் மரத்தைத் தேர்ந்து, தளிர், மொட்டு, பூ, காய் ஆகியவற்றைக் கிழமைதோறும் குறிக்கின்றனர். சித்திரை விசுவிற்குரிய கொன்றை அந்நாளுக்கு வெகு முன்னரே பூப்பதை அக்குறிப்புகள் காட்டுகின்றன. குறுந்தொகைத் தோழி பழித்த அதே மரத்தை இன்று சிறுவர் நாளோடு பதிகின்றனர்!

நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதனைத் தொடங்குதற்குக் கருவி யாதும் வேண்டுவதில்லை. பள்ளி வாயிலிலுள்ள ஓர் அங்சானாவோ, தெக்கோமாவோ, எஞ்சிய ஒரு பால்மரமோ போதும். முதற்பூ கண்ட நாள், முழுதும் மலர்ந்த நாள், உதிர்ந்த நாள், இடையில் பெய்த மழை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதச் செய்க. முதியோர் இருக்கும்போதே, எத்திங்களில் காடு உதிர்ந்தது, எவ்வாண்டில் பால் நின்றது என்று கேட்டு அதனையும் சேர்க்க. குறுந்தொகைப் பாட்டை நடத்தும் நாளில் அவ்வேட்டைத் திறந்து வைத்தால் இலக்கியமும் இயற்கையும் மாணவனுக்கு ஒரே பாடமாகும்.

‘இவ்வாண்டு பூ முந்திற்று’ என்று சொல்லும் உரிமை, சென்ற ஆண்டின் நாளை எழுதி வைத்தவனுக்கே உண்டு. பார்க்கும் கண் நம் முன்னோரிடம் இருந்தது. பாடும் நாவும் இருந்தது. நாள் குறிக்கும் கையை நம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுவோமாயின், வருகின்ற மாசியில் மலரும் பூ இந்நாட்டுத் தமிழர் வரலாற்று ஏட்டின் முதல் வரியாகும்.