இரண்டு கிழமையா, இருபது வருசமா?

மனநிலையை அளந்து சொல்லும் அப்களும் கேள்விப் படிவங்களும் நம்முடைய பிள்ளைகளின் போன்களுக்கு வந்துவிட்டன. ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. கூட்டினால் 27-க்கு ஓர் எண். பரீட்சைப் புள்ளி மாதிரியே அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், கதை சுற்றிக்கொண்டு நம்மூர் வாசலுக்கே வருகிறது.

ஆரம்பமே போர்தான். முதலாம் உலகப் போரில், குண்டுச் சத்தத்தில் மனம் குலைந்துபோகக் கூடிய சிப்பாய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க அமெரிக்காவில் ரொபர்ட் வூட்வர்த் என்ற உளவியலாளர் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார். எல்லாம் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். அது களத்துக்குப் போகுமுன் போர் முடிந்துவிட்டது. ஆனால் கடதாசியில் கேள்வி கேட்டு மனத்துன்பத்தை அளக்கலாம் என்ற எண்ணம் நின்றுவிட்டது. 1972-இல் டேவிட் கோல்ட்பேர்க் பொது மக்களுக்காக 60 கேள்விகள் கொண்ட ஒன்றை வெளியிட்டார். இப்போது போனில் பிள்ளைகள் நிரப்பும் ஒன்பது கேள்விகள் பெரும்பாலும் 2001-இல் அமெரிக்காவில் வந்த பி.எச்.கியூ-9 என்பதுதான். வைத்தியரிடம் போகும் நோயாளிக்காக எழுதப்பட்டது அது. "கடந்த இரண்டு கிழமைகளில்" என்றுதான் அதன் கேள்வி தொடங்குகிறது. மனச்சோர்வு என்று வைத்தியர்கள் சொல்வதற்கு அறிகுறிகள் இரண்டு கிழமையாவது நீடித்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வரையறை.

இனி எங்கள் கதை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலுமாகச் சுமார் 75,000 பேர். நாச்சிக்குடாவிலிருந்து போனவர்களும் அதில் அடக்கம். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம், கற்பிட்டிப் பக்கம். ஓலைக் கொட்டில், உப்புத் தண்ணி, மற்றவர்களுடைய பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பு. அந்த வருசங்களில் எங்கள் மனத்தை அளக்க யாரும் வரவில்லை. அகதிகளாகவே இருபது வருசம் கழிந்த பிறகுதான் செஸ்மல் சிறிவர்தன என்ற ஆய்வாளரின் குழு வந்தது. கற்பிட்டியில் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரிடம் கேட்டு, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு 18.8 வீதத்தினருக்கு. போர் அதிர்ச்சியால் வரும் நெருக்கீட்டு நோய் 2.4 வீதம்தான். உடல் நோவாக வெளிப்படும் துன்பம் 14 வீதம்.

இந்தக் கடைசி எண்ணில்தான் எங்கள் உம்மாமார் இருக்கிறார்கள். "மனம் சரியில்லை" என்று அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. நெஞ்சு அடைக்குது, கை கால் விறைக்குது, தலை பாரம் என்றுதான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். பனடோலோடு திரும்பி வந்தார்கள். துணையை இழந்தவர்கள், பிரிந்து வாழ்பவர்கள், தொழில் இல்லாதவர்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு உறுதியில்லாதவர்கள், இவர்களிடையேதான் பாதிப்பு அதிகம் என்றும் அந்த ஆய்வு கண்டது.

போர் முடிந்த கையோடு, 2009 நடுப்பகுதியில், யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஓர் ஆய்வு நடந்தது. அதில் நெருக்கீட்டு நோய் 7 வீதம், பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2. இரண்டையும் பக்கத்தில் வைத்து யாருக்குத் துன்பம் கூட என்று வழக்காடுபவர்களைக் கண்டிருக்கிறோம். தயவுசெய்து வேண்டாம். கேட்ட கேள்விகளும் வேறு, கேட்ட காலமும் வேறு. அந்தத் தராசில் எங்கள் ஊர்ச் சனத்தை இரண்டு பக்கமாக ஏற்றக்கூடாது.

வன்னி மக்களைப் பற்றி யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010-இல் எழுதியது வேறு மாதிரி. அவர் வீதம் கணக்கிடவில்லை. இடம்பெயர்ந்தவர்களின் கதைகளைக் கேட்டார். ஆளுக்காள் நோய் என்று பாராமல், குடும்பமும் ஊரும் சேர்ந்தே குலைந்துபோனதைக் கூட்டு மனவடு என்றார். ஒன்பது கேள்வியில் ஊருக்கு இடமே இல்லை.

சொல்லும் முக்கியம். "ஒரே யோசனை" என்று நம்மூரில் ஒருவர் சொன்னால் அவர் சிந்தனையாளர் என்று அர்த்தமில்லை; நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை என்று அர்த்தம். வடக்குக் கிழக்குத் தமிழ் மக்கள் தாங்களே சொன்ன வார்த்தைகளிலிருந்து ஒரு வினாக்கொத்தை நுவன் ஜயவிக்ரமவும் கூட்டாளிகளும் உருவாக்கினார்கள். பேராதனையின் பெயரும் அதில் உண்டு. அன்றாட வேலைகளில் ஒருவர் எவ்வளவு தடுமாறுகிறார் என்பதைப் பார்த்தபோது, வெளிநாட்டு அளவுகோல்கள் தவறவிட்ட ஒரு பங்கை இந்தச் சொற்கள் பிடித்தன என்று 2012-இல் எழுதினார்கள். ஆங்கிலப் படிவத்தை அப்படியே தமிழாக்கி போனில் போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

போன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சங்குப்பிட்டிப் பாலம் 2011-இல் திறந்த பிறகும் மனநல வைத்தியரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விடவேண்டிய ஊர் இது. போன் உதவியதற்கும் சாட்சி உண்டு. கொழும்பில் தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 68 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. முதலில் நேரில் இருத்திப் பிரச்சினையை அணுகும் வழியும் தியானமும் பழக்கி, பிறகு கைத்தொலைபேசியில் தொடர்ந்தார்கள். அந்த உதவி கிடைத்தவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாகக் குறைந்தன. லெபனானில் சிரிய அகதிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த அப்பும் பலன் தந்தது. அதன் பின்னாலும் கிழமைக்குப் பதினைந்து நிமிடமளவு பேச ஓர் ஆள் இருந்தார். இரண்டு இடத்திலும் போனின் மறுமுனையில் மனிசர்.

ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது. நடு இரவில் ஒரு பிள்ளை தனியே இருந்து அதற்கு ஆம் என்று அழுத்தினால் அடுத்து என்ன? எண்ணை மட்டும் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும் அப்பை நாங்கள் வகுப்பில் அனுமதிக்க மாட்டோம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தைக் கரும்பலகை மூலையில் எழுதி வைத்திருக்கிறோம். வீட்டிலும் எழுதி ஒட்டுங்கள்.

இன்னுமொன்று. 1990-இல் போனவர்களும் 2008-இல் இங்கிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களும் இன்று ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். அந்த நாட்களின் துன்பத்தை உங்கள் வீட்டு மூத்தவர்கள் எந்தச் சொல்லால் சொல்வார்கள்? பெயர் வேண்டாம், சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள். உயர்தர மாணவர்களோடு சேர்ந்து ஒரு கொப்பியில் தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை "ஒரே யோசனை", "கல்பு கனக்குது", "ஏங்கிப்போனன்", "விறைச்சுப்போய் இருந்தம்" என்பவை வந்திருக்கின்றன.