கடல் இல்லாத கணக்கு: இராமநாதபுரமும் முன்னேற்றத்தின் அளவுகோலும்

1964 டிசம்பர் 22 ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போனது. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், தேவாலயம்... எல்லாம். பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டு போனது. அதே புயலில் பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. அதைச் சரி செய்ய முதலில் ஆறு மாதம் கெடு வைத்தார்கள், பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்துக் காட்டினார். (ஆமாம், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய அதே ஈ. ஸ்ரீதரன்தான்!) பாலம் திரும்ப வந்தது. ஊர் வரவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

இதைத் தேசிய வருமானக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பாலத்துக்குச் செலவான கூலி, இரும்பு எல்லாம் உற்பத்தியில் கூட்டப்படும். அழிந்த வீடுகளும் போன உயிர்களும் எங்கேயும் கழிக்கப்படுவதில்லை. பேரேட்டில் வரவுப் பக்கம் மட்டும் எழுதுகிற கணக்கப்பிள்ளையை எந்தக் கடையிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் நாடுகள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. இந்தக் கணக்கை அமெரிக்காவில் உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸே, வருமானத்தை வைத்து மக்கள் நலனை எடை போட முடியாது என்று 1934லேயே எச்சரித்திருந்தார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

மாற்று வழி தேடியவர்களில் பூடான் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் பிரபலம். மொத்த உள்நாட்டு உற்பத்தியை விட மொத்த தேசிய மகிழ்ச்சிதான் முக்கியம் என்றார் அவர். 2008ல் அது அந்நாட்டு அரசியலமைப்பிலேயே ஏறியது. ஒன்பது துறைகளில் கேள்விகள் கேட்கிறார்கள்: எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கஷ்டம் வந்தால் உதவ எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வரை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் சுமார் ஒரு லட்சம் பேர் அந்த நாட்டை விட்டு வெளியேற நேர்ந்து, நேபாள முகாம்களில் பல வருடம் கிடந்தார்கள். ஊரை விட்டுப் போனவர்களிடம் மகிழ்ச்சியா என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

1990ல் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்களின் முயற்சியில் ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு வந்தது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அது. தமிழ்நாடும் 2003ல் தன் மாவட்டங்களை அப்படி அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது.

இராமநாதபுரத்துக்கு நேரடியாக வந்த அளவுகோல் 2018 ஜனவரியில்தான். பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டங்கள், விருதுநகரும் இராமநாதபுரமும். மொத்தம் 49 குறியீடுகள். சுகாதாரத்துக்கும் கல்விக்கும் தலா 30 சதவீத மதிப்பெண், விவசாயம் மற்றும் நீர்வளத்துக்கு 20, மீதி நிதிச் சேவை, திறன் பயிற்சி, அடிப்படை வசதிகளுக்கு. இதைக் குறை சொல்ல முடியாது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளை மாதா மாதம் எண்ணுவது ரூபாயை மட்டும் எண்ணுவதை விட எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த விவசாயப் பகுதியைக் கொஞ்சம் கவனியுங்கள். சொட்டு நீர்ப் பாசனம், மண்வள அட்டை, மாடுகளுக்குத் தடுப்பூசி, செயற்கைக் கருவூட்டல்... மீன்பிடிக்கென்று ஒரு வரி கூட இல்லை! நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல். 230 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாவட்டத்துக்கும் அதேதான்.

அப்படியென்றால் இங்கே எதைக் கேட்டிருக்க வேண்டும்? விசைப்படகில் தொழிலுக்குப் போனவர் மறுநாள் காலையில் கரை திரும்புவாரா, இல்லை எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதா என்று தெரியாமல் வீட்டில் எத்தனை இரவு தூங்காமல் இருந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். படகு பறிபோனவரின் கடன் எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். விசைப்படகின் மடி கடலடியை அரித்துவிட்டுப் போன பிறகு நாட்டுப்படகுக்காரருக்கு மீன்பாடு எவ்வளவு மிஞ்சியது என்றும் கேட்டிருக்கலாம். (இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பங்கு பிரித்தார்கள். எந்தப் பொருளாதார நிபுணரும் போட்ட திட்டமல்ல அது.)

பாசி எடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கூரான பாறைகளுக்கிடையே மூழ்கி எடுப்பார்கள். வியாபாரி கொடுக்கும் விலை தேசிய வருமானத்தில் சேர்கிறது, கிழிந்த விரல் எதிலும் சேர்வதில்லை. 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு தீவுப் பக்கம் போவதே குற்றமானது. பவளப்பாறைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது சரிதான், மறுப்பதற்கில்லை. அந்தப் பெண்கள் இழந்த வேலைநாட்கள் எந்தப் பத்தியில் வரும்?

தனுஷ்கோடிக்கு வருவோம். அரசு கைவிட்ட அந்த மணலுக்கு மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டுக்கொண்டன. கரையோரம் கையால் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அதைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிக் காலம் தள்ளினார்கள். 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை வந்தது, பின்னாலேயே சுற்றுலா வேன்கள் வரிசையாக வந்தன. உற்பத்திக் கணக்கில் அந்தச் சாலையும் உண்டு, வேன் வாடகையும் உண்டு. ஊற்றுத் தண்ணீருக்கு விலை இல்லை, அதனால் அது கணக்கில் இல்லை.