திருகு அளவி

திருகு அளவி: கம்பி, தகடு, சிறு உருளை ஆகியவற்றின் விட்டத்தையும் தடிமனையும் 0.01 மி.மீ. வரை நுட்பமாக அளக்கும் கைக்கருவி. பள்ளி ஆய்வகங்களில் இப்பெயரால் வழங்குவதைப் பட்டறைகளில் மைக்ரோமீட்டர் என்பர்.

தத்துவம்: திருகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு புரியிடைத் தூரம் முன்னேறும். பட்டறைக் கருவிகளில் இத்தூரம் பெரும்பாலும் 0.5 மி.மீ.; திருகோடு சுழலும் தலைக்கோலில் 50 பிரிவுகள். எனவே ஒரு பிரிவு 0.01 மி.மீ. கண்ணுக்குப் புலப்படாத இந்த நகர்வு, தலைக்கோலின் விளிம்பில் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளியாக விரிகிறது. நிலையான புரிக்கோல் 5.5 மி.மீ. காட்ட, தலைக்கோலின் 28ஆம் கோடு அதன் அடிக்கோட்டோடு ஒன்றினால் அளவு 5.78 மி.மீ.

வரலாறு: அளப்பதற்குத் திருகைப் பயன்படுத்தியது முதலில் வானியலே. இங்கிலாந்தின் வில்லியம் காஸ்காய்ன் 1630களின் இறுதியில் தொலைநோக்கியினுள் இரு விளிம்புகளைத் திருகால் நகர்த்தி, சூரியன், நிலவு ஆகியவற்றின் கோண விட்டத்தை அளந்தார். 1644இல் மார்ஸ்டன் மூர் போரில் அவர் மாண்டார்.

பட்டறைக்கு இக்கருவி மேசை வடிவில்தான் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பொறியாளர் ஹென்றி மாட்ஸ்லே அங்குலத்தில் 10,000இல் ஒரு பங்கை அளக்கும் கருவியை அமைத்தார். அளவு பற்றிய வழக்குகளுக்கு அதன் தீர்ப்பே முடிவு என்பதால், இங்கிலாந்தின் உயர் நீதிப் பதவியான ‘லார்டு சான்சலர்’ என்பதையே அதற்குப் பெயராக்கினார்கள்.

அந்த நீதிபதியைத் தொழிலாளியின் கைக்குக் கொண்டுவந்தவர் பாரிஸைச் சேர்ந்த ழான் லோரான் பால்மேர். U வடிவச் சட்டத்தில் அவர் அமைத்த அளவி 1848இல் காப்புரிமை பெற்றது. பிரெஞ்சு மொழியில் இன்றும் இக்கருவிக்குப் ‘பால்மேர்’ என்ற பெயர் உண்டு. 1867 பாரிஸ் கண்காட்சியில் அதைக் கண்ட அமெரிக்கர்களான ஜோசப் பிரவுனும் லூசியன் ஷார்ப்பும் மேம்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அக்காலத் தகட்டு அளவிகள் தடிமனுக்கு ஒரே எண்ணைத் தாங்கியும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஓயாத பூசல். தடிமனை எண்ணாகவே வாசித்துக் காட்டிய கருவி அதற்கு மருந்தாயிற்று.

கையாளும் முறை: முனைகள் இரண்டையும் சேர்த்து, அளவி சுழியைக் காட்டுகிறதா என முதலில் சுழிப்பிழை காண வேண்டும். பிறகு பொருளை இடையில் வைத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ராச்செட் ‘கிறுக் கிறுக்’ என ஒலிக்கும்வரை மட்டுமே திருக வேண்டும். மேலும் இறுக்கினால் மென்மையான கம்பி நசுங்கி அளவு குறையும். வெப்பமும் அளவை மாற்றும். நீள அளவீட்டுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 100 மி.மீ. எஃகுத் துண்டு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.01 மி.மீ. நீளும், அதாவது தலைக்கோலில் ஒரு முழுப் பிரிவு. கடைசல் எந்திரத்திலிருந்து எடுத்த துண்டை ஆறவிட்டு அளப்பது இதனால்தான். மின்னணுத் திரையில் எண் தோன்றும் இன்றைய கருவிகளுக்கும் இந்தப் பொறுமை கட்டாயம்.